கேட்பவர் ஒருவர், மதிப்பெண் போடுபவர் இன்னொருவர்

உளச்சிகிச்சையாளராகப் பயிற்சி பெறுகிறவர்கள் தாமும் ஒரு சிகிச்சையாளரின் எதிரே போய் அமர வேண்டியது ஏன் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. எழுதியவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். பேசப்போகும் பொருளைக் கருதி, அந்த ஒருவரின் பெயரையும் நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி: உளச்சிகிச்சைப் படிப்பில் முதலாண்டு மாணவி நான். படிப்பு முடிவதற்குள் குறிப்பிட்ட மணிநேரம் நாங்களே சிகிச்சை பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. யாரிடம் போகலாம் என்று ஒரு பட்டியலும் தந்திருக்கிறார்கள். அங்கே நான் வாய்விட்டுச் சொல்வது என் ஆசிரியர்களின் காதுக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? போகக்கூடும் என்ற நினைப்பு இருக்கும்வரை நான் எதையும் சொல்லப்போவதில்லை. பிறகு எதற்கு இந்த மணிக்கணக்கு?

பதில்: நீங்கள் முதலாண்டிலேயே கேட்டுவிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்க இந்தத் துறைக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பிறரை உளப்பகுப்பாய்வு செய்ய, அதாவது மனத்தின் ஆழத்தில் இருப்பதைப் பேச்சின் வழியே ஆராய்ந்து சிகிச்சை அளிக்க, விரும்புகிறவர் முதலில் தன்னை ஒரு தேர்ந்தவரிடம் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற யோசனையை, அந்த முறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃப்ராய்ட் 1912-இல் எழுத்தில் ஏற்றுக்கொண்டார். அதை முன்வைத்த பெருமை சூரிச் நகரத்துக் குழுவினருக்கே உரியது என்றும் குறிப்பிட்டார். 1920-இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கனும் கார்ல் ஆபிரகாமும் முன்னின்று தொடங்கிய மருத்துவ நிலையத்தில் இந்த யோசனை ஒழுங்கான பயிற்சி முறையாக உருவெடுத்தது. மாணவர் பாடம் படிக்க வேண்டும், மேற்பார்வையின் கீழ் சிகிச்சை அளிக்க வேண்டும், தானும் சிகிச்சை பெற வேண்டும் என்ற அந்த மூன்று கால் முக்காலியின் மீதுதான் உங்கள் படிப்பு இன்றும் நிற்கிறது.

சிக்கலும் அந்த முக்காலியோடு சேர்ந்தே வந்தது. பெர்லின் மாதிரியைப் பின்பற்றிய பயிலகங்கள் பலவற்றில், மாணவருக்குச் சிகிச்சை அளித்த மூத்தவரே அவர் அடுத்த கட்டத்துக்குத் தகுதியானவரா என்பதைப் பற்றிப் பயிற்சிக் குழுவுக்குக் கருத்துச் சொல்பவராகவும் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் தன் பொறாமையையும் பயத்தையும் யாரிடம் சொன்னாரோ, அவரே மாலையில் தன் எதிர்காலத்தை முடிவு செய்யும் மேசையில் உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்த மாணவர் என்ன செய்வார்? நீங்கள் செய்யப்போவதாகச் சொல்வதைத்தான் செய்தார். தேர்வுக்குத் தயாரிப்பதுபோலத் தன் மனத்தைத் தயாரித்துக் கொண்டுபோய்க் காட்டினார். அது சிகிச்சையாகவும் அமையவில்லை, ஒழுங்கான தேர்வாகவும் அமையவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு பல பயிலகங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள நிலைப்பாட்டை அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது: பயிற்சியின் பகுதியாகச் சிகிச்சை கட்டாயமாக்கப்படுமானால், படிப்போடு தொடர்பில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மாணவருக்கு இருக்க வேண்டும், அவரை மதிப்பிடுகிற, அல்லது மதிப்பிடக்கூடிய ஆசிரியர் அந்தச் சிகிச்சையை அளிக்கக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் படித்தாலும், உங்கள் பயிலகத்தின் விதிகளை இந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிக் கேளுங்கள். அதில் இல்லாத ஒருவரிடம், உரிய தகுதி உடையவராக இருந்தால், போகலாமா? பட்டியலில் உள்ளவர்களில் யாரெல்லாம் உங்கள் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்கள், தேர்வுத்தாள் திருத்துபவர்கள், மேற்பார்வை செய்பவர்கள்? இதைக் கேட்பதற்காக யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சிலர் நினைப்பார்கள். ஆனால் பதிலை எழுத்தில் தர மறுக்கிற பயிலகத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிடும்.

அடுத்தது, சிகிச்சையாளரிடமிருந்து பயிலகத்துக்குப் போகும் தாள். அது மிகச் சிறியதாக இருக்க வேண்டும். உங்கள் பெயர், அவர் பெயரும் தகுதியும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இத்தனை அமர்வுகள் நடந்தன என்ற ஒரு வரி, கையொப்பம். அவ்வளவுதான். ‘நன்கு ஒத்துழைக்கிறார்’ என்று அன்பாக ஒரு வரி சேர்க்கச் சில சிகிச்சையாளர்களுக்குக் கை அரிக்கும்; அதை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்தப் பருவத்தின் தாளில் ‘நன்கு’ இருந்து அடுத்த பருவத்தின் தாளில் இல்லாமல் போனால், அந்த வெற்றிடமே ஓர் அறிக்கையாகிவிடும். பாராட்டும் கசிவுதான்.

மணிக்கணக்கால் பயன் உண்டா என்பது உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் இன்னொரு கேள்வி. தாமே சிகிச்சை பெற்ற சிகிச்சையாளர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் தங்களுக்குப் பயன் கிடைத்தது என்றே சொல்கிறார்கள். அவர்களிடம் சிகிச்சைக்கு வருபவர்கள் அதனால் கூடுதலாகக் குணமடைகிறார்களா என்று தேடிய ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத முடிவுகளையே தந்திருக்கின்றன. ஆகவே இது நிரூபிக்கப்பட்ட மருந்து என்று உங்களிடம் விற்க எனக்கு மனமில்லை. என் அனுபவத்தில் அந்த நாற்காலி கற்றுத்தருவது வேறொன்று. வெட்கப்படும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அது எங்கும் கசியவில்லை என்பதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கண்டு, உடம்பு மெல்லத் தளர்வதை ஒருமுறை அனுபவித்தவருக்கு, ரகசியம் காத்தல் என்பது பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயமாக மட்டும் இருப்பதில்லை. அந்த அனுபவமே கிடைக்காத வகையில் மணிக்கணக்கை ஏற்பாடு செய்திருந்தால், கட்டிய பணம் வீண் என்பதில் நான் உங்கள் கட்சி.

கேள்வி: எங்களுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியர் மிகச் சிறந்த சிகிச்சையாளர். குறைந்த கட்டணத்தில் எனக்குச் சிகிச்சை அளிக்க அவரே முன்வந்திருக்கிறார். அவர் மீது எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. ஏற்கலாமா?

பதில்: வேண்டாம். நம்பிக்கை இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன்; நம்பிக்கை இல்லாதவரிடம் நீங்கள் எப்படியும் எதையும் சொல்லப்போவதில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் விடைத்தாளைக் கையில் எடுக்கும்போது, சென்ற வாரம் நீங்கள் சொன்னதை மறந்துவிட்டுப் படிக்க அவரால் எப்படி முடியும்? குறைந்த மதிப்பெண் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள், கூடுதலாக வந்தால் வகுப்பில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? ‘உங்களிடம் தொடர்ந்து பாடம் கேட்க விரும்புகிறேன், அதனால் சிகிச்சைக்கு வேறொருவரைப் பரிந்துரைக்க முடியுமா?’ என்று கேளுங்கள். அவர் முகம் வாடினால், முடிவு சரியானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சியில் நான் இப்போது நான்கு பேருக்குச் சிகிச்சை அளிக்கிறேன். அவர்களில் ஒருவர் என்னை மிகவும் பாதிக்கிறார். அவரைப் பற்றி என் சொந்தச் சிகிச்சையில் பேசலாமா? மேற்பார்வையாளரிடம் பேசுகிறேன், வகுப்பில் கேஸாக முன்வைக்க வேண்டும், மதிப்பெண்ணுக்காக நாட்குறிப்பும் எழுத வேண்டும். இத்தனை இடங்களில் பேசினால் அது எப்படி ரகசியமாகும்?

பதில்: பயிற்சியில் இருப்பவரிடம் ரகசியம் இரண்டு பக்கமும் ஓடுகிறது, உங்கள் ரகசியம் ஒருவரிடம் இருக்கிறது, வேறு நால்வரின் ரகசியம் உங்களிடம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க எனக்கு உதவிய பிரிவினை இது: வந்தவருக்கு என்ன நடக்கிறது என்பது மேற்பார்வையாளரிடம் போக வேண்டும், அவர் முன்னால் எனக்கு என்ன நடக்கிறது என்பது என் சிகிச்சையாளரிடம் போக வேண்டும். ‘அவர் குரலை உயர்த்தும்போது என் அப்பாவின் குரல் கேட்கிறது, நான் பத்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறேன்’ என்று சொல்ல, அவர் பெயரோ தொழிலோ குடும்ப விவரமோ தேவையே இல்லை. உங்கள் சிகிச்சையாளர் அவரைப் பற்றி ஆர்வமாகக் கேட்கத் தொடங்கினால், பேச்சு உங்களை விட்டு விலகுகிறது என்று பொருள்.

மேற்பார்வையாளரிடம் பேசுவது கசிவு ஆகாது. ஆனால் அது சிகிச்சைக்கு வருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பயிற்சியில் இருப்பவர், உங்கள் பணியை இன்னொருவர் கவனிக்கிறார், ஒலிப்பதிவு உண்டென்றால் அதை யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதெல்லாம் முதல் அமர்விலேயே சொல்லப்பட்டு, அவர் சம்மதம் பெறப்பட வேண்டும். ‘மாணவர் என்று தெரிந்தால் வரமாட்டார்’ என்று சொல்லி இதை மறைப்பவர்கள் உண்டு. தெரிந்தால் வரமாட்டார் என்பதே, தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு என்பதற்குப் போதுமான காரணம்.

வகுப்பில் முன்வைக்கும் கேஸைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் ஒருவரைப் பற்றிக் கேஸ் எழுதினேன். பெயரை மாற்றினேன், வயதில் மூன்றைக் கூட்டினேன், குடும்பத்தில் ஒரு தங்கையைத் தம்பியாக்கினேன். அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். அதை மட்டும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஊரார் வீட்டு அபசுரங்களையெல்லாம் சரிசெய்பவர் தன் வீட்டில் பேச்சற்று இருக்கிறார் என்று எழுதிய வரி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வாசித்து முடித்தபின் தேநீர் இடைவேளையில் வகுப்புத் தோழி ஒருவர் அருகில் வந்து, ‘அவருக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காதுதானே?’ என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தோழியின் வீட்டுப் பியானோவுக்கும் அந்த மனிதரே வருபவராம். ஆம் என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவே போதுமானதாக இருந்தது. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். நடந்ததை அந்த மனிதரிடமே சொல்ல வேண்டும் என்றார் அவர். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதன்பின் இரண்டு அமர்வுகளுக்கு வந்தார், மூன்றாவதற்கு வரவில்லை.

எந்த விவரம் உங்கள் எழுத்தை அழகாக்குகிறதோ, பெரும்பாலும் அந்த விவரம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெயர் மாற்றம் மிகப் பலவீனமான திரை. 1900-இன் கடைசி மாதங்களில் ஃப்ராய்டிடம் பதினொரு வாரங்கள் சிகிச்சை பெற்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் கதையை அவர் உடனே வெளியிடவில்லை. பெயரை ‘டோரா’ என்று மாற்றி, 1905-இல்தான், அதுவும் துறைசார்ந்தவர்கள் மட்டுமே படிக்கும் இதழில் வெளியிட்டார். இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் இன்று எந்த மாணவருக்கும் தெரியும். 1895-இல் வெளியான ஒரு சிகிச்சை வரலாற்றில் ‘அன்னா ஓ’ என்று எழுதப்பட்டவரின் பெயரையும், அவர் இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1953-இல், ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் அச்சில் போட்டு உடைத்தார். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

நாட்குறிப்புக்கு வருகிறேன். மதிப்பெண்ணுக்காக எழுதும் நாட்குறிப்பு நாட்குறிப்பே அல்ல, அது கட்டுரை. ஆசிரியர் படிக்கப்போகிறார் என்ற நினைவோடு, எதை அவர் படிக்கலாமோ அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் சிகிச்சை அறையில் நடந்ததை அதில் சேர்க்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நான் மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு நெறிமுறையிலும், பாலியல் வாழ்வு, தனக்கு நேர்ந்த கொடுமை, பெற்ற மனநலச் சிகிச்சை, பெற்றோருடனும் துணையுடனும் உள்ள உறவு ஆகியவற்றைச் சொல்லுமாறு மாணவரை வற்புறுத்தக் கூடாது என்று இருக்கிறது. விதிவிலக்குகள் இரண்டு: இப்படிக் கேட்போம் என்று சேர்க்கை விவரங்களிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் கேட்கலாம், மாணவரின் சொந்தச் சிக்கல் அவருடைய பணியைக் கெடுக்கிறது, அல்லது பிறருக்கு ஆபத்தாகிறது என்று கருத நியாயம் இருந்தால் கேட்கலாம். ஆகவே சேர்க்கையின்போது படிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்களை இன்று எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: சில மாதங்களாகச் செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது. இதை என் சிகிச்சையாளரிடம் சொன்னால் அவர் பயிலகத்துக்குச் சொல்லிவிடுவார், ‘இவர் இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லாதவர்’ என்று நீக்கிவிடுவார்கள் என்று பயந்து இதுவரை சொல்லவில்லை.

பதில்: சொல்லுங்கள், அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். எண்ணம் திட்டமாக மாறினால், எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினால், அந்த நிமிடமே அவசர உதவி எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ நாடுங்கள். பக்கத்தில் யாராவது ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பயத்தைப் பற்றி. ரகசியத்துக்கு எல்லை உண்டு. 1969-இல் கலிபோர்னியாவில் ஒரு மாணவி கொல்லப்பட்டார்; கொன்றவர் தன் எண்ணத்தைத் தன் உளவியலாளரிடம் முன்பே சொல்லியிருந்தார்; காவலர்களுக்குத் தகவல் போயும், அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை. டாராசாஃப் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவை பல நாடுகளிலும் விதிவிலக்குகளாக இருக்கின்றன. விவரங்கள் சட்டத்துக்குச் சட்டம் மாறும்.

ஆனால் விதிவிலக்கு என்பது வாசலையே திறந்துவிடுவது அல்ல. சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்பதும், உயிர் இப்போதே ஆபத்தில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதுதான் அவர் கற்ற தொழில். ஆபத்து உண்மையிலேயே நெருங்கினாலும், உங்களைக் காப்பாற்ற யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு, எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவுதான் சொல்லப்படும், முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே சொல்லப்படும். மதிப்பெண் பதிவேட்டை வைத்திருப்பவர் அந்த வரிசையில் வரமாட்டார். எனக்குத் தெரிந்த நல்ல சிகிச்சையாளர்களில், இப்படியொரு காலத்தைக் கடந்து வந்தவர்கள் சிலர் உண்டு. ‘எந்த நிலையில், யாரிடம், எதைச் சொல்வீர்கள்?’ என்ற கேள்வியிலிருந்தே உங்கள் சிகிச்சையாளரிடம் பேச்சைத் தொடங்கலாம்.

கேள்வி: என் மகளின் படிப்புக்கும் நான்தான் பணம் கட்டுகிறேன், அவள் போகும் சிகிச்சைக்கும் நான்தான் கட்டுகிறேன். அங்கே என்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

பதில்: ரசீது பெற்றுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. உங்களைப் பற்றிப் பேசத்தான் செய்வார். பெற்றோரைப் பற்றிப் பேசாமல் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தவர் யாருமில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். நீங்கள் கேட்டதற்காக மகளின் சிகிச்சையாளர் தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டால், அன்றே மகளை வேறு ஆளிடம் மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பயிற்சியில் தனிச் சிகிச்சைக்குப் பதில், வகுப்புத் தோழர்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து அமரும் குழு அமர்வு. நான் சொன்ன ஒன்று மறுநாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேலியாக வந்தது. சொன்னவர் பெயர் போடவில்லை என்கிறார்கள்.

பதில்: பன்னிரண்டு பேரில் பதினொருவருக்கு அது யார் என்று தெரியும்போது, பெயர் போடாதது என்ன கணக்கு? குழுவில் ரகசியம் காக்கும் கடமை நடத்துநருக்குத் தொழில்முறைக் கடமையாக இருக்கிறது; மற்றவர்களுக்கு அது கொடுத்த வாக்கு மட்டுமே. நடத்துநரால் அந்த வாக்கை வாங்க முடியும், காப்பாற்றித் தர முடியாது. நல்ல நடத்துநர் இதை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அடுத்த அமர்வில் இதை எழுப்புங்கள், வாட்ஸ்அப்பில் பதில் எழுதாதீர்கள். கேலி செய்தவரும் நாளை ஒரு சிகிச்சையாளராகப் பெயர்ப்பலகை மாட்டப்போகிறவர் என்பதால், இதை நடத்துநர் ‘சின்ன விஷயம்’ என்று கடந்துபோனால் பயிலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குழு அமர்வு மட்டுமே போதும் என்ற விதியை மாற்றி, விரும்புகிறவர்களுக்கு வெளியே தனிச் சிகிச்சை பெறும் வாய்ப்பைத் தருமாறும் கேளுங்கள்.

கேள்வி: ஒரு கருத்தரங்கில் என் சிகிச்சையாளரைப் பார்த்தேன். நான் என் ஆசிரியர்களோடு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் அறிமுகமே இல்லாதவர்போல் கடந்துபோனார். இரண்டு ஆண்டுகளாக என் கதையெல்லாம் கேட்டவர்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதில்: வலித்திருக்கும். அவர் உங்களைப் பார்த்துத் தலையசைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். ‘இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று உங்கள் ஆசிரியர் இயல்பாகக் கேட்டிருப்பார். நீங்கள் ஒரு பொய்யைத் தேடியிருப்பீர்கள், அல்லது சொல்ல விரும்பாத ஓர் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். முதலில் வணக்கம் சொல்லும் உரிமையை அவர் உங்களிடமே விட்டுவிட்டுப் போனார். இதை அவர் தொடக்கத்திலேயே, ‘வெளியில் சந்தித்தால் நான் முந்திக்கொண்டு பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்’ என்று ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது அவர் குறை.

அடுத்த அமர்வில் கருத்தரங்கைப் பற்றிய பேச்சோடே தொடங்குங்கள், தூக்கம் வராததையும் சொல்லுங்கள். பிறகு, அடுத்த முறை எதிரெதிரே வர நேர்ந்தால் யார் முதலில் தலையசைப்பது என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.